செயின் சத்தமா, உப்பின் வேலையா? வீட்டு முற்றத்தில் டைமிங் செயினும் கேம் ஷாஃப்டும் மாற்றும் முன்னும் பின்னும்

உச்சிப்புளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இதுவரை மூன்று கார்களுக்கு டைமிங் செயின் மாற்றியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்டும் மாற்ற வேண்டியிருந்தது. நான்காவதாக வந்த காரில் செயினைத் தொடவே இல்லை. கீழக்கரையிலிருந்து மச்சான் கொண்டுவந்த கார் அது. ஒரு பட்டறையில் செயின் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பானட்டைத் திறந்து காது கொடுத்தால் சலசலவென்ற ஓசை செயினின் ஓசை போலவேதான் இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சர் குழாயின் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு உப்புக் காற்றில் அரித்து, ஒரு போல்ட் அற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி முறுக்கியதும் ஓசை நின்றுவிட்டது.

கடற்கரை வண்டிகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். உப்பு எஞ்சினுக்கு வெளியே இருப்பதை எல்லாம் தின்கிறது. தகடு, போல்ட், மின் இணைப்பு ஊசிகள் ஆகியவை கெட்டு, செயின் கெட்டதைப் போலவே நடிக்கின்றன. ஆனால் செயின் இருக்கும் மூடிக்குள் உப்பு போவதில்லை. உள்ளே செயினைக் கொல்வது பழைய ஆயிலும் குறுகிய ஓட்டமும்தான். எனவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் வெளியே பாருங்கள், அடுத்து ஆயிலைப் பாருங்கள், அதன் பிறகே மூடியைத் திறங்கள்.

செயினா, பெல்ட்டா?

பழைய மாருதி 800, ஆம்னி வண்டிகளில் இருப்பது ரப்பர் பெல்ட். ஸ்விஃப்ட், ஆல்ட்டோ கே10 போன்றவற்றில் வந்த கே வரிசை பெட்ரோல் எஞ்சின்களிலும், ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1248 சி.சி. எஞ்சினிலும் இருப்பது செயின். புல்லிப் பக்க மூடி மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் பெரும்பாலும் பெல்ட். கனத்த அலுமினிய மூடியாக, ஓரங்களில் சிலிகான் பேஸ்ட் பிதுங்கியிருந்தால் செயின். செயின் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடுவதால்தான் அந்த அடைப்பு தேவைப்படுகிறது.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பதுதான் செயினின் ஒரே வேலை. செயின் தொய்ந்துவிடாமல் கைடு என்னும் பட்டையின் மேல் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். பெரும்பாலான கார்களில் அந்த டென்ஷனரைத் தள்ளுவது ஆயில் அழுத்தம். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, கண்ணிகளின் ஊசிகள் தேய்கின்றன. 130 கண்ணி உள்ள செயினில் கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தத்தில் 2.6 மில்லிமீட்டர் கூடிவிடும். அழுக்கு ஆயில் அரம் போல அந்த ஊசிகளைத் தேய்க்கும்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி சலசலப்பு, பிறகு அமைதி

இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் முழுவதும் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் டென்ஷனருக்கு ஆயில் போய்ச் சேரும் வரை செயின் தளர்ந்து ஆடும். ஒரு நொடிக்குள் அடங்கினால் கவலை வேண்டாம். மூன்று நொடி, ஐந்து நொடி என்று வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் கவனியுங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்து, உள்ளே இருப்பது என்ன ஆயில் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. படகு எஞ்சினுக்கு வாங்கிய டீசல் எஞ்சின் ஆயில் கேனில் மிச்சம் இருந்தால் அதைக் காரில் ஊற்றிவிடுவார்கள். ‘கனமான ஆயில் எஞ்சினுக்கு நல்லது’ என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். கைகூப்பிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். படகு எஞ்சின்களில் பெரும்பாலும் கேமைச் சுற்றுபவை பெரிய பல்சக்கரங்கள். அவற்றுக்கு டென்ஷனர் என்ற ஒன்றே இல்லை. காரின் டென்ஷனருக்குள் இருக்கும் துளை ஊசிமுனை அளவுதான். கனத்த ஆயில் அதற்குள் போகத் தாமதமாகும். அந்தத் தாமதம்தான் உங்கள் காதில் சலசலப்பாக விழுகிறது.

ஆயில் ஃபில்டரையும் சந்தேகியுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் தடுப்பு வால்வு இருக்கும். எஞ்சின் நின்றபின் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் அது பிடித்துவைக்கும். மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் விரைவில் இறுகிப்போகும்.

ஆகவே முதல் சிகிச்சை: கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயில், நல்ல ஃபில்டர், ஒரு வாரம் ஓட்டம். மூன்று கார்களில் முதலாவது எங்கள் அண்ணனுடையது. விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு நான்கு கிலோமீட்டர் போவார், நிறுத்துவார், திரும்புவார். எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஓட்டத்தில் பற்றாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. சூடாகி ஆவியாக நேரமே கிடைப்பதில்லை. கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார் அவர். அவருடைய ஓட்டத்துக்கு மாதத்தைப் பார்த்து மாற்றியிருக்க வேண்டும். புதிய ஆயில் ஊற்றியபின் சத்தம் பாதியாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. செயினைத் திறக்கலாம் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன்.

அறிகுறி: எஞ்சின் சூடானபிறகும் நிற்காத சத்தம்

முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள். சைலன்சர் தகடு, அடித்தட்டு, கிளாம்ப் எல்லாவற்றையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கையால் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது வெளி பெல்ட். ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் இவற்றைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் அந்த பெல்ட்டிலேயே ஓடுவதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் நின்றுவிட்டால் ஏதோ ஒரு பேரிங்தான் போயிருக்கிறது. செயினுக்கு வேலை இல்லை.

இரண்டும் இல்லை என்றால் நீண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியைச் செயின் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஓடும் பெல்ட்டிலிருந்து விலகி நில்லுங்கள். மூடியின் மேலும் கீழும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். டென்ஷனர் பக்கத்தில் சத்தம் ஓங்கியிருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்து விடும் நொடியில் கரகரவென்று கூடினால், தளர்ந்த செயின் கைடின் மேல் அடிக்கிறது. கைடு நைலான் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது தேய்ந்து முடிந்தபின் செயின் இரும்பின் மேலோ, மூடியின் அலுமினியத்தின் மேலோ உரசத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்கும் வண்டியில் தனுஷ்கோடி வரை போய்வரலாம் என்று நினைக்காதீர்கள். அரிச்சல்முனையில் செயின் சக்கரத்தின் பல்லைத் தாண்டி நழுவினால் அங்கிருந்து கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

அறிகுறி: மேலிருந்து ‘டிக் டிக்’ என்ற சீரான தட்டல்

செயின் சலசலக்கும், வால்வு தட்டும். ஐட்லிங்கில் எண்ணிவிடலாம் போல நிதானமாகத் தட்டல் வந்தால், கேமுக்கும் அது வால்வைத் தள்ளப் பயன்படுத்தும் டேப்பட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது கேமின் மூக்கு, அதாவது டேப்பட்டை அழுத்தும் மேடு, தேய்ந்திருக்கலாம்.

குளிர்ந்த எஞ்சினில் டேப்பட் கவரைக் கழற்றி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் ஒவ்வொரு வால்வையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எல்லா இடைவெளியும் கொஞ்சம் கூடியிருந்தால் அது வயதின் தேய்மானம். ஒன்றே ஒன்று மட்டும் மிக அதிகமாக இருந்தால் அந்தக் கேம் மூக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல கேம் கண்ணாடி போல மின்னும். குழி விழுந்திருந்தால், முனை தட்டையாகியிருந்தால், நகத்தில் தட்டும் கோடு இருந்தால் கேமை மாற்ற வேண்டும். அந்த டேப்பட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய டேப்பட்டின் மேல் புதுக் கேம் உட்கார்ந்தால் புதியதும் அதே வடிவில் தேயும்.

கேம் ஷாஃப்ட் உட்காரும் இடத்தையும் பாருங்கள். பல கார்களில் அங்கே தனி பேரிங் கிடையாது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் அலுமினியமே பேரிங். அதில் ஆழமான கீறல் இருந்தால் புதிய கேம் போட்டும் பயனில்லை. ஹெட் பட்டறைக்குப் போக வேண்டும். இதைப் பார்க்காமல் கேம் வாங்கப் பணம் கட்டாதீர்கள்.

அறிகுறி: எஞ்சின் விளக்கு எரிகிறது

வண்டியின் கணினி பதிந்துவைக்கும் கோளாறு எண்களைப் படிக்கும் சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி0340 என்று வந்தால் கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் சுற்று. பி0016 என்றால் கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கணினி நினைக்கிறது. பி0011 என்றால் கேம் இருக்க வேண்டிய கோணத்தைவிட முந்தியிருக்கிறது.

பி0016 வந்ததும் ‘செயின் போச்சு’ என்று சொல்பவர்கள் அதிகம். இராமேசுவரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஓடும் வண்டியாக இருந்தால் முதலில் சென்சாரின் பிளக்கை உருவிப் பாருங்கள் என்பேன். பாம்பன் பாலத்தில் காற்று வீசும் நாளில் கார் கண்ணாடியில் படியும் உப்பு உங்களுக்குத் தெரியும். அதே உப்பு ஈரத்தோடு சேர்ந்து பானட்டுக்குள்ளும் போகிறது. பிளக்கின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உள்ளே ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சிக்னல் விட்டு விட்டு வரும். கணினிக்கு அது டைமிங் தவறியதாகவே தெரியும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, மின் இணைப்புகளுக்கான ஸ்ப்ரே அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் ஊசிகளைத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே களிம்பு திரும்பும். காயவிட்டு, மின் இணைப்புக்கான கிரீஸைக் கொஞ்சமாகத் தடவி மாட்டுங்கள். ஸ்கேனரால் கோளாறு எண்ணை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். எங்கள் முற்றத்துக்கு வந்த இரண்டாவது காரில் இதைச் செய்த பிறகும் பி0016 மறுநாளே திரும்பிவிட்டது. அதனால் அங்கே செயின்தான் காரணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது.

கேமின் கோணத்தை ஆயிலால் மாற்றும் அமைப்பு உள்ள வண்டியில் அந்த ஆயில் வால்வையும் கழற்றிப் பாருங்கள். அதன் வலையில் கறுப்பு அழுக்கு அடைத்திருந்தால் பி0011 போன்ற எண்கள் வரும். கழுவி மாட்டினால் போதும்.

அறிகுறி: இழுவை இல்லை, ஐட்லிங்கில் நடுக்கம், பெட்ரோல் அதிகம் குடிக்கிறது

செயின் ஒரு பல் தாண்டியிருந்தால் இப்படி ஆகும். கேம் சக்கரத்தில் 36 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் 10 பாகை, கிராங்கில் 20 பாகை. எஞ்சின் ஓடும், ஆனால் மூச்சு வாங்கும்.

சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இங்கே நல்ல துப்புக் கொடுக்கும். எஞ்சினைச் சூடாக்கி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்து, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளவெடுங்கள். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில் பெரும்பாலும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வோ ரிங்கோ ஹெட் கேஸ்கட்டோ காரணம். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். அப்போது உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால் அமுக்க வேண்டிய காற்று திரும்ப வெளியேறிவிடுகிறது.

அறிகுறி: ஸ்டார்ட்டர் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை

சாவியிலிருந்து கையை எடுங்கள். இரண்டாவது முறை முயலாதீர்கள்.

வழக்கமாக ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறி இறங்கும் தாளம் ஒன்று இருக்கும். அந்தத் தாளம் போய், தையல் இயந்திரம் போல ஒரே சீராகச் சுற்றினால் செயின் அறுந்திருக்கலாம், பல பல் தாண்டியும் இருக்கலாம். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் திறந்த வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் இன்னொரு வால்வு வளைய வாய்ப்பு உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கேம் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்பேனரால் கிராங்க்கை மெதுவாகச் சுற்றுங்கள். கேம் அசையவில்லை என்றால் செயின் போய்விட்டது. சுற்றும்போது இரும்பில் இரும்பு முட்டி நின்றால் மேலே அழுத்தாதீர்கள். அந்த வண்டிக்கு ஹெட் இறக்க வேண்டும். அது முற்றத்து வேலை அன்று.

மூடியைத் திறப்பதென்று முடிவானபின்

நாள் பார்த்துத் தொடங்குங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் திறந்த வெளியில் ஹெட்டைத் திறப்பது மணலை நாமே உள்ளே போடுவதற்குச் சமம். விடியற்காலையில் ஆரம்பித்து, கடல் காற்று ஏறும் முன் மூட முடிந்த அளவுக்கு மட்டும் திறங்கள். காற்று வரும் பக்கத்தில் கிடுகுத் தட்டி வைத்து, அதன்மேல் நனைத்த பழைய சேலையைத் தொங்கவிடுவேன். கீழே தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொள்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. விசைப்படகு எஞ்சின்கள் எல்லாம் அப்போதுதான் பிரிக்கப்படும். ஒரு போல்ட் உடைந்துவிட்டால் லேத் பட்டறையில் வரிசையில் காத்திருக்க நேரும்.

போல்ட் உடைவது இங்கே சாதாரணம். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், நடுவில் உப்பு ஈரம். இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் மாலையிலேயே எல்லா வெளி போல்ட்களுக்கும் துருநீக்கும் ஆயில் அடித்து வையுங்கள். திருகும்போது கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள்.

உங்கள் எஞ்சினுக்கான பணிமனைக் கையேடு இல்லாமல் தொடங்க வேண்டாம். இறுக்கும் அளவுகள் எல்லாம் நியூட்டன் மீட்டரில் அதில்தான் இருக்கின்றன. டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். ஸ்விஃப்ட் டீசலின் 1248 சி.சி. எஞ்சின் என்றால் கேமையும் கிராங்கையும் பூட்டிப் பிடிக்கும் தனிக் கருவிகளும் வேண்டும். வாங்கும்போது செயின், டென்ஷனர், கைடுகள், தேய்ந்திருந்தால் பல்சக்கரங்கள், கிராங்க் சீல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். செயினை மட்டும் வாங்கிவந்து, கைடு இல்லையே என்று மறுபடி மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல்லின் மேல் நிறுத்தாதீர்கள். அது எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கும். பல கார்களில் எஞ்சினின் செயின் பக்கம் ஒரு மவுன்ட்டில் தொங்குகிறது. அதைக் கழற்றும் முன் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்டார்ட்டர் அடித்துத் தளர்த்தும் குறுக்குவழியைச் சிலர் காட்டுவார்கள். நான் செய்யமாட்டேன். புல்லியைப் பிடிக்கும் கருவியும் நீண்ட கைப்பிடியும் போதும்.

கழற்றும் முன் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க்கை அது வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே சுற்றி, கேமும் கிராங்கும் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறிகளைப் பொருத்துங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் டென்ஷனர் தளர்ந்து செயின் பல் தாண்டலாம். கைப்பேசியில் படம் எடுங்கள். கூடவே பெயின்ட் பேனாவால் பழைய செயினிலும் பல்சக்கரங்களிலும் புள்ளி வையுங்கள்.

கேமையும் கழற்றுவதானால் பொறுமைதான் கருவி. செயின் கழன்றபின், கையேடு சொல்லும் இடத்துக்குக் கிராங்க்கைக் கொண்டுவந்து பிஸ்டன்களை உச்சியிலிருந்து இறக்குங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் உச்சியிலிருந்து 90 பாகை நகர்த்தினால் நான்கு பிஸ்டன்களும் நடுவில் நிற்கும். கேமை மேலிருந்து பிடித்துவைக்கும் கேப்களின் போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டால் வால்வு ஸ்பிரிங் மறுபக்கத்தைத் தூக்கும். கேப் உடையும், கேமே முறியவும் கூடும். கேப்களில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். அவை ஹெட்டோடு சேர்த்துக் குடையப்பட்டவை. இடம் மாறினால் கேம் இறுகிப்போகும். டேப்பட்களை முட்டை அட்டையில் வரிசையாக அடுக்கி, குழிகளில் எண் எழுதுங்கள். பொருத்தும்போது புதுக் கேமின் மூக்குகளில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக இறுக்குங்கள்.

பிறகு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். கனம் வேறுபட்ட டேப்பட் போடும் எஞ்சினில் கணக்கு எளிது: இப்போதுள்ள டேப்பட்டின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். டேப்பட் 3.00 மில்லிமீட்டர், அளந்தது 0.12, வேண்டியது 0.20 என்றால், வாங்க வேண்டியது 2.92.

புதுச் செயினில் நிறம் மாறிய கண்ணிகள் இருக்கும். அவற்றைப் பல்சக்கரப் புள்ளிகளோடு பொருத்தி, டென்ஷனர் இல்லாத பக்கத்தில் செயின் விறைப்பாக இருக்கும்படி மாட்டுங்கள். டென்ஷனரை அழுத்திப் பூட்டுக் கம்பி செருகி மாட்டுங்கள். போல்ட் இறுக்கியதும் கம்பியை உருவுங்கள். அந்தக் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைப்பது என் வழக்கம்.

இப்போது, ஸ்டார்ட்டரை நினைக்கும் முன், கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பிளக்குகள் இல்லாததால் எளிதாகச் சுற்றும். வால்வு ஸ்பிரிங்கின் மெத்தென்ற எதிர்ப்பு கையில் தெரியும், அது இயல்பு. கல்லில் மோதியது போல நின்றால் உடனே நிறுத்திக் குறிகளைப் பாருங்கள்.

முடித்தபின் வரும் அறிகுறிகள்

இரண்டு சுற்றுக்குப் பின் நிறக் கண்ணிகள் குறிகளோடு பொருந்தவில்லை: பதற வேண்டாம். பல்சக்கரக் குறிகள் ஒவ்வோர் இரண்டு சுற்றுக்கும் பொருந்தும். கண்ணிகளின் எண்ணிக்கை வேறு. அவை மறுபடி பொருந்தப் பல சுற்றுகள் ஆகும். பல்சக்கரக் குறிகளை மட்டும் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் சத்தம்: டென்ஷனர் காலியாக இருப்பதால் வருவது. இதைத் தவிர்க்க, பெட்ரோல் பம்ப் ஃபியூஸும் பிளக்குகளும் இல்லாமல் ஆயில் விளக்கு அணையும் வரை சிறிது சிறிதாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஓடத் தொடங்கிச் சில நொடிகளுக்குப் பிறகும் சத்தம் தொடர்ந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். பூட்டுக் கம்பி உள்ளேயே இருக்கலாம், அல்லது அதிகமாகத் தடவிய சிலிகான் பேஸ்ட் ஆயில் துளையை அடைத்திருக்கலாம்.

பி0016 மறுபடி: ஒரு பல் தவறியிருக்கலாம். மனம் ஒப்பாவிட்டாலும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மூடி ஓரத்தில் ஆயில் கசிவு: பழைய பேஸ்ட்டை முழுதாகச் சுரண்டாமல் மேலேயே பூசியிருப்பீர்கள், அல்லது பேஸ்ட் ட்யூபில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருக்காமல் ஆயில் ஊற்றியிருப்பீர்கள்.

500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். அண்ணனுடைய காரில் நான் சம்ப்பை இறக்கவில்லை. பழைய கைடில் ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. அந்தத் துண்டு முன்பே ஆயிலோடு வெளியேறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். 500 கிலோமீட்டர் ஆயிலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டியபோது துவரம்பருப்பு அளவில் இரண்டு கறுப்புத் துண்டுகள் துணியில் நின்றன. அன்றே சம்ப்பை இறக்கினேன். ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையில் இன்னும் ஏழு துண்டுகள் ஒட்டியிருந்தன.